ஒரு முழு நிமிடம்

கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு, பள்ளிப் பேருந்தைக் கொட்டகையில் நிறுத்தியதும் டார்லா வீட்டுக்குக் கிளம்பிவிட மாட்டாள். எழுந்து, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு பின்பக்கம் நடப்பாள். இடப்பக்கம் பன்னிரண்டு இருக்கை, வலப்பக்கம் பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் பார்ப்பாள், குனிந்து அடியிலும் பார்ப்பாள். கடைசி இருக்கைக்குப் பின்னால் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அதை அமுக்காமல் இறங்கினால் ஹாரன் அலறி ஊரைக் கூட்டிவிடும். மற்ற ஓட்டுநர்கள் விறுவிறுவென்று போய் அமுக்கிவிட்டு வந்துவிடுவார்கள். டார்லாவுக்கு அது போதாது. பதினெட்டு வருடத்தில் அவள் பின்வரிசைகளில் கண்டெடுத்தவற்றில் ஜோடியில்லாத கையுறைகளுக்குக் கணக்கில்லை. ஷூ பெட்டிக்குள் ஒரு கோழிக்குஞ்சு இருந்திருக்கிறது. காகிதத்தில் மடித்த பால்பல் ஒன்று. ஒருமுறை, ஒரே ஒருமுறை, கோட்டுக்கு அடியில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்த ஐந்து வயதுக் குழந்தை.

"அந்த ஒரு நாளுக்காகத்தான் மத்த எல்லா நாளும் நடக்கறேன்" என்பாள், கேட்டவர்களிடம்.

நாற்பத்து மூன்றாவது வயதில் அவள் நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பித்தபோது ஓல்ட் ஃபெரியில் கேட்காதவர்கள் இல்லை. அயோவாவில், ஆற்றங்கரையில், ஒரு பக்கம் மக்காச்சோளமும் மறுபக்கம் பன்றிக் கொட்டகைகளுமாகக் கிடக்கும் சின்ன ஊர் அது. அங்கே ஒருவர் புது வேலி போட்டாலே பத்துப் பேர் வண்டியை நிறுத்தி விசாரிப்பார்கள். டார்லா ஆளுக்கு ஒரு பதில் வைத்திருந்தாள். தபால் அலுவலகத்தில், "உக்காந்து உக்காந்து இடுப்பு போச்சு. இனிமே நின்னு பாக்கலாம்னு." தேவாலயத்தில், "வெள்ளை ஷூ போட ரொம்ப நாளா ஆசை." கணவன் டேலிடம், "நீ வயசானா சும்மா கெடக்கவா போற? அது நொட்டை, இது நொட்டைன்னு என்னைத்தானே கூப்பிடுவ. படிச்சிட்டே வந்து பாக்கறேன்." தானியக் கிடங்கில் வேலை பார்க்கும் டேல் அதை உண்மையென்றே எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து கொஞ்ச நாள் நேராக நிமிர்ந்து நடந்தான்.

கல்லூரிக்கு மட்டும் மழுப்பாமல் எழுதினாள். மாவட்டத்துக் கம்யூனிட்டி கல்லூரி அது. நெடுஞ்சாலை ஓரத்தில், டிராக்டர் விற்கும் கடைக்கு அடுத்த கட்டடம். வெல்டிங்கும் முடிதிருத்தமும் கற்றுக்கொடுக்கும் அதே நடைக்கூடத்தில், கடைசிக்கு முந்தின கதவு நர்சிங். வருடத்துக்கு முப்பத்திரண்டு இடம். விண்ணப்பத்தோடு முந்நூறு வார்த்தையில் தன்னைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். டார்லா ஒரு பக்கம் எழுதி அடித்தாள், மறுபடி எழுதி அடித்தாள். கடைசியில் அனுப்பியது ஒரு வரி: 'கடைசி இருக்கை வரை போய்ப் பார்க்காமல் நான் ஒருநாளும் வண்டியிலிருந்து இறங்கியதில்லை.'

முதல் வருடம் இடம் கிடைக்கவில்லை. அந்த வரி காரணமல்ல; நுழைவுத் தேர்வின் பின்னங்கள்தான் காலை வாரிவிட்டன. இரண்டாம் வருடம் பின்னங்களையும் கற்றுக்கொண்டு போனாள். கிடைத்தது.

எலும்புகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்தாள். மாலையில் பள்ளி வாசலில் வரிசையாகப் பேருந்துகள் நிற்கும் பத்து நிமிடத்தில், எலும்புப் படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாக ஹேட்லியிடம் கொடுப்பாள். ஹேட்லிக்கு எட்டு வயது, ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்காருபவள், கருணையே இல்லாத வாத்தியார்.

"தப்பு, மிஸ் டார்லா. அது ஃபீமர். தொடை. காலைலயும் இதையேதான் தப்பா சொன்னீங்க."

"காலைல நான் காபி குடிக்கல."

"பரிட்சையில காபி தருவாங்களா?"

ஒரு மாதத்தில் பேருந்தே பாடம் சொன்னது. நாற்பது பிள்ளைகள் தோளைத் தொட்டு ஸ்கேப்புலா என்றும் முழங்காலைத் தட்டி பட்டெல்லா என்றும் கத்திக்கொண்டு வர, வண்டி சரளைக்கல் சாலையில் போகும். சாப்பாட்டு மேஜையில் பையன் 'பெல்விஸ்' என்கிறான் என்று ஒரு தாய் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து புகார் சொன்னாள். அது இடுப்பெலும்பு, கெட்ட வார்த்தை இல்லை என்று புரியவைக்கப் பள்ளித் தலைமையாசிரியரே பேச வேண்டியிருந்தது.

வகுப்பில் அவள்தான் மூத்தவள். அவளுக்குப் பக்கத்தில் பிரென்னா. இருபது வயது, பாலர் வகுப்பிலிருந்து பதினோரு வருடம் டார்லாவின் பேருந்தில் வந்தவள். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்து டார்லாவைப் பார்த்ததும் அவள் தன்னையறியாமல் இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

"அங்க என்ன பண்ற? முன்னால வா" என்றாள் டார்லா. வந்தவளிடம் அடுத்த மூச்சில், "காலை நடைபாதையில நீட்டாத, உள்ள வை" என்றும் சொன்னாள். பிரென்னா காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு இருவரும் பிரியவில்லை. பிரென்னா கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். டார்லா கடலை வெண்ணெய்யும் சாக்லேட்டும் போட்ட இனிப்புக் கட்டிகள் செய்து எடுத்துக்கொண்டு போனாள்.

படிப்பை நடத்தியவர் மிஸஸ் ஃபைஃபர். சின்ன உருவம். நாள் முழுக்கப் பனிக்கட்டியைக் கடித்துக்கொண்டே இருப்பார். நடைக்கூடத்தில் அவர் வருவதை அந்தக் கடமுடா சத்தம்தான் முதலில் சொல்லும். வார்டுப் பயிற்சிக்கு அவர் வைத்திருந்த சட்டம் எளிமையானது. பெரிய தவறுக்கு ஒரு சிவப்புச் சீட்டு. இரண்டு சீட்டு வாங்கினால் அந்தப் பருவம் போச்சு. அதே பாடம் அடுத்த வருடம்தான் மறுபடி வரும்.

டார்லா படிப்பின் இரண்டாம் வருடத்து முதல் வாரத்திலேயே ஒன்று வாங்கிவிட்டாள். பயிற்சி நாட்களில் காலைப் பேருந்தை வேறொருவரிடம் விட்டுவிட்டு, ஆறரைக்கு ஆஸ்பத்திரி வார்டில் நிற்க வேண்டும். கிளம்பியவளை ஊர் எல்லையில் தானிய ரயில் மறித்துக்கொண்டது. நூற்றுப்பத்துப் பெட்டி. ஒன்பது நிமிடம் தாமதம்.

"ரயில் வரும்னு தெரியாதா உங்களுக்கு?" என்றார் ஃபைஃபர்.

"தெரியும்."

"அப்ப சீட்டு ரயிலுக்கு இல்ல, உங்களுக்குத்தான்."

மூச்சை எண்ணுவதைப் பற்றி அவர் நடத்திய பாடத்தை அந்தக் கல்லூரியில் படித்த யாரும் மறக்க முடியாது. "மூச்சை எண்ணப்போறேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. சொன்னா மனுஷன் நடிக்க ஆரம்பிச்சிடுவான். நாடி பாக்கற மாதிரி மணிக்கட்டைப் பிடிச்சுக்கங்க. நாடி முடிஞ்சதும் கையை விடாதீங்க. கண்ணை மட்டும் நெஞ்சுக்குக் கொண்டு போங்க. ஒரு முழு நிமிஷம். அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்கறதெல்லாம் என்கிட்ட வேண்டாம்." பிறகு வாயிலிருந்த பனிக்கட்டியைக் கன்னத்துக்கு ஒதுக்கினார். "காய்ச்சலுக்குக் கருவி இருக்கு. ரத்த அழுத்தத்துக்குக் கருவி இருக்கு. மூச்சுக்கு நீங்கதான். அதனால எல்லாரும் சோம்பேறித்தனப்படற இடமும் அதுதான். முன்னாடி வந்தவங்க பதினாறுன்னு எழுதியிருப்பாங்க. அதுக்கு முன்னாடி வந்தவங்களும் பதினாறு. நீங்களும் பதினாறுன்னு எழுதிட்டா யாரும் கேக்க மாட்டாங்க. செத்தவனுக்குக்கூடப் பதினாறு எழுதின கதை எனக்குத் தெரியும்."

வகுப்பு சிரித்தது. டார்லாவும் சிரித்தாள்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. டார்லாவுக்குக் கொடுக்கப்பட்ட நோயாளி மெர்ல். எழுபத்தைந்து வயது, பன்றி வளர்த்து ஓய்ந்தவர், குடலிறக்க அறுவை முடிந்து படுத்திருந்தார். ஊரில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. இரண்டு விஷயத்துக்காக. ஒன்று, அவருடைய பழைய பச்சை பிக்கப் வண்டி: அதை இன்னொருவர் ஓட்ட அவர் விட்டதே இல்லை, செத்துப்போன மனைவி உட்பட. இன்னொன்று, பேச்சு. மெர்ல் ஒரு கதையைத் தொடங்கினால் மூச்சு விடுவதற்குக்கூட நிறுத்த மாட்டார் என்பார்கள்.

அதுதான் தொல்லையாகப் போயிற்று.

"கொஞ்சம் பேசாம இருங்க, நாடி பாக்கணும்."

"பாரு, பாரு. நான் உன்கிட்டயா பேசறேன், சும்மா சொல்லிட்டிருக்கேன். அந்த எழுபத்தெட்டுப் பனியில என்ன ஆச்சுன்னா..."

நாடியை எண்ணிவிட்டாள். கையை விடாமல் கண்ணை நெஞ்சுக்குக் கொண்டுபோனாள். எழுபத்தெட்டாம் வருடப் பனி மெர்லின் நெஞ்சைத் தாறுமாறாக ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. ஆறு எண்ணினாள், விட்டது. மறுபடி நான்கு, மறுபடி விட்டது. இதற்குள் பக்கத்து அறை மணி அடித்தது. சாப்பாட்டுத் தட்டு வந்தது. அவள் கணினித் திரையில் மூச்சுக்கான கட்டத்தைப் பார்த்தாள். முந்தின ஆறு வேளையும் அந்தக் கட்டத்தில் வரிசையாக 16, 16, 18, 16, 16, 16. ஏழாவதாக ஒரு பதினாறைத் தட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனாள்.

ஒன்றரைக்குப் பயிற்சி முடிந்தது. மூன்று மணிக்குப் பள்ளி வாசல். ஹேட்லி அன்று நரம்புகளைக் கேட்டாள், டார்லா எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். கடைசிப் பிள்ளை இறங்கியது. கொட்டகையில் வண்டியை நிறுத்தி, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

ஏழாவது வரிசையில் நின்றுவிட்டாள்.

பிறகு மீதி ஐந்து வரிசையையும் பார்த்து முடித்தாள், அதில் குறைவைக்கவில்லை. பொத்தானை அமுக்கினாள். கடைசி இருக்கையிலேயே உட்கார்ந்து ஃபைஃபருக்குப் போன் செய்தாள். சொல்வதற்கு முன்னால் அவளுக்கு எல்லாம் தெரியும்: இது இரண்டாவது சீட்டு. இரண்டு பருவம்கூட மீதியில்லாத படிப்பு இன்றோடு ஒரு வருடம் தள்ளிப் போகும். தள்ளிப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை.

"மெர்லோட மூச்சு. காலைல நான் பதினாறுன்னு எழுதினேன். எண்ணல."

மறுமுனையில் பனிக்கட்டிச் சத்தம் நின்றது.

"எங்க இருந்து பேசறீங்க?"

"பஸ்ஸுல. கடைசி சீட்ல."

"அங்கேயே இருங்க" என்றார் ஃபைஃபர். வார்டுக்குப் போன் செய்து, அங்கிருந்த நர்ஸை எண்ணச் சொல்லிவிட்டு, கால் மணி நேரத்தில் திரும்ப அழைத்தார்.

"எண்ணிட்டாங்க. பதினாறு."

டார்லா பெருமூச்சு விட்டாள்.

"அந்தப் பதினாறு அவங்களோடது, டார்லா. உங்களோடது இல்ல."

"தெரியும்."

"நாளைக்குக் காலைல வந்து சீட்டை வாங்கிக்கங்க. நேரத்துக்கு வாங்க."

அவ்வளவுதான். ஃபைஃபர் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. சீட்டை எழுதிக் கொடுக்கும்போது மட்டும் ஒன்று கேட்டார்: "விண்ணப்பத்துல ஒரு வரி எழுதியிருந்தீங்க. ஞாபகம் இருக்கா?" டார்லா தலையசைத்தாள். "எனக்கும் இருக்கு" என்றார்.

தாங்கிக்கொள்ள முடியாமல் தவித்தவள் பிரென்னாதான். வண்டி நிறுத்துமிடத்தில் டார்லாவை மறித்துக்கொண்டு நின்றாள். "யாருமே கேக்கல. நீங்களாப் போய் ஏன் சொன்னீங்க? பதினாறுதானே இருந்துச்சு? சரியாத்தானே எழுதியிருக்கீங்க?"

"இப்பத் தெரியுது சரின்னு. எழுதறப்ப எனக்கு எங்க தெரியும்?"

"எல்லாரும்தான் எழுதறாங்க. நான் எழுதியிருக்கேன்."

டார்லா அவளை ஒரு பார்வை பார்த்தாள். பேருந்தின் பெரிய கண்ணாடி வழியாகப் பின்வரிசைக் குறும்புகளைப் பார்க்கும் அதே பார்வை. பிரென்னா காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அன்றே டார்லா மெர்லின் அறைக்கும் போனாள். மாணவியாக அல்ல, பார்க்க வந்தவளாக. விஷயத்தைச் சொன்னாள். மெர்லுக்கு வாழ்நாளில் இவ்வளவு நல்ல கதை கையில் வந்து விழுந்ததில்லை.

"அப்ப நான் உயிரோட இருக்கேனா இல்லையான்னே நீ பாக்கலையா?"

"பேசிக்கிட்டே இருந்தீங்க. இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"என் மூச்சை நீயே போட்டுட்ட. நல்லவேளை, அறுபதுன்னு போடாம விட்ட."

மெர்ல் வீடு திரும்பிய வாரமே கதை கார்னர் கஃபேக்கு வந்துவிட்டது. அங்கே ஜன்னலோர வட்ட மேஜை விவசாயிகளுடையது. காலை ஏழு மணிக்குக் கூடுவார்கள். தோல் குவளையில் பகடையைக் குலுக்கி, தோற்றவர் தலையில் அன்றைய காபியைக் கட்டுவார்கள். மெர்ல் கதையை நடித்தே காட்டினார். டார்லாவின் குரல், தன் குரல், பக்கத்து அறை மணி, எல்லாம். அதற்குப் பிறகு டார்லா கஃபேக்குள் நுழைந்தால் மேஜையைச் சுற்றி ஆறு மணிக்கட்டுகள் நீளும்.

"பதினாறு வந்தாச்சு. ஏம்மா, எனக்கும் ஒண்ணு போட்டுட்டுப் போ."

"எனக்குப் பதினேழா போடு. நேத்திக்கு வேலை ஜாஸ்தி."

"பாக்கவே வேணாம்மா, அங்கேருந்தே எழுதிடு."

டார்லா கோபித்துக்கொண்டதில்லை. கடந்து போகிறபோது ஏதாவது ஒரு மணிக்கட்டைத் தட்டிவிட்டு, "உங்களுக்கெல்லாம் எண்ண ஆரம்பிச்சா ஆஸ்பத்திரில எடம் பத்தாது" என்பாள். காபியைக் காகிதக் குவளையில் வாங்கிக்கொண்டு பேருந்துக்குப் போய்விடுவாள்.

அந்த ஒரு வருடம் முழுக்க அவள் இருபத்து நான்கு இருக்கையையும் பார்த்தாள், மூச்சையும் எண்ணினாள். யாரும் எண்ணச் சொல்லவில்லை. பழக்கம் தானாக வந்தது, விடவில்லை. தபால் வரிசையில் முன்னால் நிற்பவரின் முதுகு. தேவாலயத்தில் பிரசங்கம் கேட்டுத் தூங்குபவர்கள். வீட்டு நாய், இருபத்திரண்டு. டேல் டி.வி.யில் கால்பந்து பார்த்துக்கொண்டிருப்பான். பார்வை தன் மேல் இருப்பது தெரிந்து திரும்புவான்.

"என்ன அப்படிப் பாக்கற? இன்னும் நான் அழகாத்தான் இருக்கேனா?"

"பேசாத. முப்பது செகண்டு இருக்கு."

"எவ்வளவு?"

"உங்க ஆளுங்க கோல் வாங்கறதுக்கு முன்னாடி பதினாலு. இப்பக் கெடுத்துட்ட."

"இது கையில தூக்கிட்டு ஓடற கால்பந்து. கோல் இல்ல, டச்டவுன். எத்தனை வருஷமா சொல்றேன்."

"மூச்சு ஒண்ணுதானே" என்பாள்.

வாய்க்குள் மெல்ல ஒரு பாட்டை ஓடவிட்டுக்கொண்டு, நெஞ்சைப் பார்க்காமல் சட்டையின் இரண்டாம் பொத்தானைப் பார்த்தால் எண்ணிக்கை தவறாது என்று அவள் கண்டுபிடித்தது அந்த வருடம்தான். பேசுகிறவர்களை எண்ணுவது எப்படி என்பதையும் கண்டுபிடித்தாள். அவர்கள் எந்தச் சொல்லுக்கு முன்னால் நிறுத்துகிறார்கள் என்று காதால் எண்ண வேண்டும். புத்தகத்தில் இல்லாத வழி. ஃபைஃபரிடம் பிறகு ஒருநாள் சொன்னபோது அவர் பனிக்கட்டியைக் கடித்தபடி யோசித்துவிட்டு, "சரியா வருதா?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு முழு நிமிஷம் கேட்டா வருது."

அடுத்த ஆகஸ்டில் டார்லா திரும்பிப் போனாள். முந்தின வகுப்பில் தள்ளிப் போன நான்கு பேரில் திரும்பி வந்தது அவள் ஒருத்திதான். அதே பாடம், அதே வார்டு. அங்கே அவளுக்கு மேற்பார்வை யார் என்று அட்டவணையில் பார்த்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. மே மாதம் படிப்பை முடித்த பிரென்னா, பெயரட்டையும் ஸ்டெதாஸ்கோப்புமாக நர்ஸ்கள் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். டார்லா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து களைப்பில் காலை நீட்டினாள்.

"மிஸ் டார்லா" என்றாள் பிரென்னா, தலையைத் தூக்காமல். "நடைபாதை. காலை உள்ள வைங்க."

டார்லா காலை உள்ளே வைத்தாள். சிறிது நேரம் கழித்து பிரென்னா மெதுவாக, "நான் இப்பெல்லாம் எண்ணறேன்" என்றாள். டார்லா பையிலிருந்து ஒரு இனிப்புக் கட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

அந்தப் பருவத்தில் சீட்டு எதுவும் இல்லை. தானிய ரயிலுக்காக ஐந்தரைக்கே வீட்டைவிட்டுக் கிளம்பி, வார்டுக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்து அரைமணி நேரம் தூங்குவாள்.

மே மாதம் கல்லூரி உடற்பயிற்சிக் கூடத்தில் பின் குத்தும் விழா. படித்து முடித்தவர்களை ஒவ்வொருவராக அழைப்பார்கள். அவரவர் தேர்ந்தெடுத்த ஒருவர் வந்து, நர்ஸ் என்று பொறித்த சின்னப் பின்னைச் சட்டையில் குத்திவிடுவார். டார்லாவுக்கு டேல். வாழ்நாள் முழுக்கத் தானியச் சல்லடைகளைத் தூக்கிய விரல்களுக்குள் அந்தப் பின் அகப்படவேயில்லை. இரண்டு முறை கீழே விழுந்தது. மூன்றாம் முறை குத்தியது, சட்டையில் பாதி, டார்லாவின் மேல் பாதி. அவள் முகம் சுளிக்கவில்லை. அவன் சட்டையின் இரண்டாம் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எவ்வளவு?" என்று அவன் உதட்டசைவில் கேட்க, "இருபத்தி ஆறு, மெதுவா விடு" என்றாள். மேல் வரிசையில் ஹேட்லியின் தலைமையில் ஒரு பேருந்துப் பிள்ளைக்கூட்டம், தோளைத் தொட்டுக்கொண்டு ஒரே குரலில் "ஸ்கேப்புலா" என்றது. ஃபைஃபர் திரும்பி அவர்களை முறைத்தார். டார்லாவிடம் கை கொடுத்தபோது, "இருக்கைகளை எல்லாம் பாத்தாச்சா?" என்றார்.

"பாத்தாச்சு."

உரிமத் தேர்வு ஜூலையில். கணினி கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே வந்து ஒரு இடத்தில் சட்டென்று நின்றுவிடும். தேறியதாலா தோற்றதாலா என்று சொல்லாது. டார்லாவுக்குச் சீக்கிரமே நின்றுவிட்டது. இரண்டு நாள் அவள் கோடைப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினாள், இருக்கைகளைப் பார்த்தாள். மூன்றாம் நாள் காலை தேறியவர்கள் பட்டியலில் பேர் வந்துவிட்டது. திங்கட்கிழமை அதே ஆஸ்பத்திரியில், அதே வார்டில் சேர வேண்டும். பேருந்துச் சாவியை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, நேராகக் கார்னர் கஃபேக்கு வந்தாள்.

மேஜைக்குச் செய்தி அவளுக்கு முன்பே வந்திருந்தது. ஆறு மணிக்கட்டுகள் நீண்டன.

"வாம்மா நர்ஸம்மா. இன்னிக்காவது எண்ணிப் போடுவியா, இல்ல பழைய பதினாறேதானா?"

"மெர்ல்கிட்டேருந்து ஆரம்பி. அவர்தான் சீனியர்."

மெர்ல் கையை நீட்டினார். பழைய கதையை அவள் முன்னாலேயே இன்னொரு முறை சொல்லத் தொடங்கினார். "அதாவது என்ன ஆச்சுன்னா... இவ வந்து... நாடி பாக்கணும்னா... நான் சொன்னேன்..."

டார்லா வழக்கம்போல் தட்டிவிட்டுப் போகவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மணிக்கட்டைப் பிடித்தாள். மேஜை ஆரவாரித்தது; ஒருவர் பகடைக் குவளையை மேளம்போல் தட்டினார். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு மெர்லின் சட்டையில் இரண்டாம் பொத்தானைப் பார்த்தாள்.

மெர்ல் சொல்லிக்கொண்டே போனார். எழுபத்தெட்டாம் வருடப் பனியை ஒரே மூச்சில் தாண்டியவர், இன்று மூன்று சொல்லுக்கு ஒருமுறை நின்றார். அவள் வழக்கத்தைவிட நீளமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்பது முதலில் எதிரில் இருந்தவருக்குத் தெரிந்தது. அவர் சிரிப்பை நிறுத்தினார். பிறகு பக்கத்திலிருந்தவர். பகடைக் குவளை மேஜையில் மெதுவாக வைக்கப்பட்டது. கடைசியாக மெர்லும் நிறுத்தினார். கஃபேயில் அடுப்பு சீறும் சத்தம் மட்டும் கேட்டது.

ஒரு முழு நிமிடம் ஆனது.

"என்னம்மா" என்றார் மெர்ல். "பதினாறா?"

டார்லா மணிக்கட்டை விடாமல், மறுகையை நீட்டி, அவருடைய காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் கிடந்த பச்சை பிக்கப் வண்டியின் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். மெர்ல் அந்தப் பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு தொப்பியைத் தேடி எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.